உள்வாயில் மூன்று வீடு

விசாலி என்ன படித்தாள் என்பதை ஆவரங்குண்டில் யாராலும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. சுற்றுச்சூழல் கொள்கையும் திட்டமிடலும் என்று அவளே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டாள். கேட்டவர்கள் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "அப்ப மரக்கண்ணு குடுக்குற ஆபீசா?" என்பார்கள். இன்னும் சிலர், "எங்க வீட்டுச் சாக்கடைக்கு ஒரு மனு எழுதிக் குடேன்" என்று தாளையும் பேனாவையும் நீட்டிவிடுவார்கள். டாக்டருக்குப் படித்தால் ஊசி, வக்கீலுக்குப் படித்தால் கருப்புக் கோட்டு. இந்தப் படிப்புக்கு ஊருக்கு எடுத்துக் காட்ட ஒரு சாமானும் கிடையாது. அவளுடைய அப்பா மட்டும்தான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒக்கூர் பக்கம் ஓடிய பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போதே, "எம்மக கண்மாய்களுக்கெல்லாம் டாக்டருக்குப் படிக்கிறா" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிடுவார்.

காரைக்குடியில் இளங்கலை, சென்னையில் முதுகலை. வகுப்பில் இருந்தவர்கள் படிப்பு முடிந்ததும் மூலைக்கொருவராகப் போனார்கள். ரோகிணி ஒரு சிமெண்ட் கம்பெனியில் சேர்ந்து, கம்பெனி எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று வருஷா வருஷம் வழவழப்பான புத்தகம் போடுகிறாள். கார்த்திகேயன் நெதர்லாந்தில், கடலுக்குக் கீழே கிடக்கும் நாட்டில் கடலைத் தள்ளி வைக்கத் திட்டம் போடுகிறான். இன்னும் இரண்டு பேர் பரீட்சை எழுதி அரசாங்க வாரியத்துக்குள் போய்விட்டார்கள். விசாலி சென்னையிலேயே ஒரு ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தாள். குவாரி தோண்டவும் ஆலை கட்டவும் அனுமதி கேட்கிறவர்களுக்கு அறிக்கை எழுதித் தருவது வேலை. போன ரிப்போர்ட்டை எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்று என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அப்படி மாற்றியதில், மலைக்காட்டை விட்டு இறங்காத பறவை ஒன்று ராமநாதபுரத்துக் கருவேலங்காட்டில் கூடு கட்டிவிட்டது. அவள் பதறிப்போய்ச் சொன்னாள். மேலே இருந்தவர், "இதெல்லாம் யாரு வாசிக்கப் போறா?" என்று சிரித்தார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, உண்மையிலேயே யாரும் வாசிக்கவில்லை.

சில வருஷம் அதில் இருந்தாள். பிறகு ஒரு அரசாங்கத் திட்டத்தில் ஒப்பந்த வேலை. நடுவில் அப்பா போனார். அம்மாவும் படுக்கையில் விழவே, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள். அம்மா போன பிறகு திரும்பிப் போக ஒரு காரணமும் இல்லை, இருக்கவும் ஒரு காரணம் இல்லை. அந்த நேரத்தில் காரைக்குடியில் ஒரு தொண்டு நிறுவனம் கண்மாய்களைச் சீரமைக்கத் திட்டம் எழுத ஆள் தேடியது. சேர்ந்துகொண்டாள். முப்பத்தெட்டு வயது, ஒரு ஸ்கூட்டர், ஆவரங்குண்டு கண்மாயின் உள்வாயை ஒட்டி அப்பா கட்டிவைத்துவிட்டுப் போன வீடு. ஆக மொத்தம் அவ்வளவுதான் அவள் குடும்பம்.

கண்மாய் என்றால் கரைக்கு வெளிப்பக்கம் வயல், உள்பக்கம் தண்ணீர். தண்ணீர் நிறைந்து பின்னோக்கிப் பரவும் மேட்டோரத்துக்குத்தான் உள்வாய் என்று பெயர். நிறைந்தது போக மிச்சம் வழிந்தோட ஓரத்தில் கல்லால் கட்டிய கலுங்கு இருக்கும். பஸ் ரோடு வந்ததும் ஊர் ரோட்டோரத்துக்குக் குடிபெயர்ந்துவிட, உள்வாய்ப் பக்கம் மூன்று வீடுகள் மிஞ்சின. ஒன்றில் பொன்னுத்தாயி. புருஷன் இறந்து, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்க, இரண்டு ஆடுகளோடு இருந்தாள். ஒன்றில் மஹாலட்சுமி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். புருஷன் இன்னொருத்தியோடு போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மூன்றாவது விசாலியின் வீடு.

ஆவரங்குண்டில் வீட்டை வீடாக எண்ண மாட்டார்கள், தலைக்கட்டாக எண்ணுவார்கள். கல்யாணம் ஆன ஆண்பிள்ளை ஒரு தலைக்கட்டு. மழைக்கு முன்னால் கண்மாய்க்கு வரும் வாய்க்காலை வெட்டிச் சுத்தம் செய்ய ஒவ்வொரு தலைக்கட்டிலிருந்தும் ஒரு ஆள் ஊர்வேலைக்குப் போக வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றி மீன் பிடிக்கும்போது, தலைக்கட்டுக்கு ஒன்றாகக் கூறு போட்டு மீனைப் பிரித்துக்கொள்வார்கள். ஆண் துணை இல்லாத பெண்களுக்கு ஊர்வேலை கிடையாது. பாவம், அதுகளை ஏன் மண் சுமக்க வைக்க வேண்டும் என்று எந்தக் காலத்திலோ இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். வேலை இல்லையென்றால் கூறும் இல்லை. யாராவது மனசு வைத்து இரண்டு கெண்டையைப் போகிற போக்கில் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

திட்ட வேலை என்றால் விசாலி மற்ற ஊர்களில் வீடு வீடாக ஏறி இறங்குவாள். கீழச்சிவல்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நாய் துரத்தி, செருப்பை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். தண்ணீர் ஏறினால் யார் வீட்டுக்கு வரும், யாருடைய ஆட்டுக் கொட்டகை போகும், எல்லாம் கேட்டு எழுதிக்கொள்வாள். அந்த வேலையில் அவளை யாரும் குறை சொன்னது கிடையாது. ஆனால் சொந்த ஊரின் முறை வந்தபோது மட்டும் கால் எழவில்லை. மற்ற ஊர்களில் "ஆபீசரம்மா" என்று தண்ணீர் கொடுப்பார்கள். இங்கே ஒவ்வொரு வாசலிலும் அவளுக்கென்று ஒரு கேள்வி காத்துக்கொண்டிருக்கும். "இன்னும் ஒண்ணும் அமையலையாத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரவே சொல்வார்கள். நூற்றுச் சொச்சம் வாசலில் அதற்குப் பதில் சொல்லும் தெம்பு அவளுக்கு இல்லை.

அதனால் போனை எடுத்தாள். ஊருக்குத் தலைவரான அம்பலம் சோணைமுத்து அவளுக்குப் பெரியப்பா முறை. "பெரியப்பா, உள்வாய்ப் பக்கம் எத்தன தலைக்கட்டு இருக்கு?" என்று கேட்டாள்.

"அங்குட்டா? அங்குட்டு ஒரு தலைக்கட்டும் இல்லத்தா" என்றார் அவர்.

விசாலி 'உள்வாயில் குடியிருப்பு இல்லை' என்று எழுதினாள். அதை எழுதும்போது அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் தெரியுமா? உள்வாயில், தன் வீட்டில், அம்மாவின் கட்டிலில். நம்பக் கஷ்டமாக இருந்தாலும் நடந்தது அதுதான். பிறந்ததிலிருந்து தலைக்கட்டுக் கணக்கைக் கேட்டு வளர்ந்த காது, இல்லை என்றதும் சரி என்று வாங்கிக்கொண்டது. தன்னையும் ஒரு எண்ணாகச் சேர்க்க வேண்டும் என்று முதுகலை வகுப்பில் யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்போது, கண்மாயில் கூடுதலாகத் தண்ணீர் தேங்கக் கலுங்கை ஓரடிதான் உயர்த்துவதாக இருந்தது. அந்த அளவில் தண்ணீர் படியேறி வராது, அதனால் அவள் திரும்ப யோசிக்கவும் இல்லை.

பிறகு ஊர் இன்னொரு அடி கேட்டது. கேட்டதில் முன்னால் நின்றவன் பாண்டிமுருகன். அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவன், வயல் கடைசி மடையில். இரண்டு அடி உயர்ந்தால்தான் அவன் வயலுக்குத் தண்ணீர் எட்டும். விசாலி ஆபீசில் பேசினாள். உள்வாயில் குடியிருப்பு இல்லை என்று எழுதியிருந்ததால் அங்கேயும் உடனே சம்மதித்தார்கள். ஊர் கேட்ட சந்தோஷத்தில், தண்ணீர் இனி எதுவரை ஏறும் என்று அவளும் மறுபடி பார்க்கவில்லை.

அந்தச் சில மாதங்கள் அவள் வாழ்க்கையிலேயே வேறு மாதிரி இருந்தன. டீக்கடையைத் தாண்டும்போது ஆட்கள் கை காட்டினார்கள். "விசாலி நம்ம புள்ளைல்ல, விட்டுக் குடுக்குமா?" என்று அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். பாண்டிமுருகனின் பெண்டாட்டி ஒருநாள் பணியாரம் கொடுத்துவிட்டாள். ஸ்கூட்டர் பஞ்சரானபோது பாண்டிமுருகனே வந்து, "ஏ புள்ள, தள்ளு" என்று பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டு வந்தான். இரவில் தனியாகச் சாப்பிடுவது அப்போதும் தனியாகச் சாப்பிடுவதுதான். ஆனாலும் சோறு இறங்கியது.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள், வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். வீட்டுப் படியில், கீழிருந்து இரண்டாவது படியில், பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு. பொன்னுத்தாயியின் ஆட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு ஒன்று. மஹாலட்சுமியின் அடுப்படிச் சுவரில் ஒன்று. மட்டம் பார்க்க வந்த ஆட்கள், கண்மாய் நிறைந்தால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். யார் வீடு என்று அவர்களுக்குத் தெரியாது. காகிதப்படி அங்கே வீடே கிடையாதே.

பொன்னுத்தாயி ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டே, "என்னமோ செவப்பா கிறுக்கிட்டுப் போறாய்ங்கத்தா. எலக்சனா?" என்று கேட்டாள்.

"இல்ல அயித்த" என்றாள் விசாலி. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். கோடு மற்ற இரண்டு வீட்டில் மட்டும் விழுந்திருந்தால் கவனப்பிசகு என்று சொல்லிக்கொள்ளலாம். தன் வீட்டையே விட்டுவிட்டவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஊர் தன்னை ஒரு ஆளாக எண்ணவில்லை என்று இத்தனை வருஷம் உள்ளுக்குள் வைத்திருந்த குறை அவளுக்குண்டு. அவளும் தன்னை எண்ணவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர் அவள் பக்கம் இருக்கும். வாயைத் திறந்தால் மூன்று வீடு மிஞ்சும், ஊர் போய்விடும். இதில் வேறு கணக்கு இல்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போய் அறிக்கையைத் திருத்தினாள். உள்வாயில் மூன்று வீடு, மூன்று பேர், கலுங்கு ஓரடிக்கு மேல் கூடாது. மேலாளர் முத்துக்கண்ணன் கோபக்காரர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லா ஊரையும் எண்ணுனீங்க. ஒங்க ஊரை எண்ணலையா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அந்த வாரமே ஊர்க்கூட்டம். அய்யனார் கோயில் பொட்டலில் தலைக்கட்டுகள் வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். திட்டம் எழுதுகிறவள் என்பதால் விசாலிக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்கார்வதில்லை. ஆபீசர் என்பதால்தான் அவளுக்கு அந்த இடம்.

"பெரியப்பா, கலுங்க ரெண்டடி ஒசத்த முடியாது. ஓரடிதான்" என்றாள்.

பாண்டிமுருகன் சட்டென்று நிமிர்ந்தான். "ஏன் புள்ள? முடியும்னுதான சொன்ன?"

"உள்வாய்ல வீடு இருக்கு. கண்மாய் நெறஞ்சா தண்ணி உள்ள வந்துரும்."

சோணைமுத்து நிதானமாகத்தான் பேசினார். "அங்குட்டு ஏதுத்தா தலைக்கட்டு?"

"தலைக்கட்டு இல்ல பெரியப்பா. ஆளு இருக்கோம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சோணைமுத்து கையைக் காட்டி அடக்கினார். "இருக்கீக, இல்லேங்கல. பொன்னுத்தாயிய மகன் வந்து கூட்டிட்டுப் போயிருவான். மஹாலட்சுமிக்கு ரோட்டோரமா ஒரு எடம் ஊரு பாத்துக் குடுத்துரும். நீ என்னைக்கி இருந்தாலும் இன்னொரு வீட்டுக்குப் போற புள்ள. ஒனக்கு எதுக்குத்தா இந்த வீடு?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. "எனக்கு முப்பத்தெட்டு வயசு பெரியப்பா. நான் போற வீடு இதுதான்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும், "ஆபீசரா வந்தவுக ஆபீசராப் பேசணும். சொந்த வீட்டுக் கதையப் பேசுறதுன்னா எறங்கி உக்காந்து பேசணும்ல" என்றது.

விசாலி நாற்காலியை விட்டு எழுந்தாள். பொட்டல் மண்ணில், வட்டத்தின் ஓரத்தில் கிடந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர் தன்னை அறியாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "நான் விட்டது தப்பு. திருத்தி எழுதி அனுப்பிட்டேன். ஓரடிக்கு மேல இனி ஆகாது" என்றாள்.

பாண்டிமுருகன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்த இன்னொரு அடிதான் விசாலி என் வயலு" என்றான். அது பொய் இல்லை.

சோணைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி. அப்பத் தலைக்கட்டுன்னே வச்சுக்குவம். தலைக்கட்டுன்னா ஊர்வேலைக்கு வீட்டுக்கொரு ஆளு வரணும். மூணு வீட்டுலருந்தும் வரட்டும்."

கோபத்தில் சொன்னாரா, நியாயத்தில் சொன்னாரா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. கூட்டம் கலைந்தது. நாற்காலியை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு டீக்கடையில் கைகள் எழவில்லை. திட்டவும் இல்லை, வம்புக்கும் வரவில்லை, பேசுவதைத்தான் விட்டுவிட்டார்கள். பாண்டிமுருகன் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டு, "போங்க மேடம்" என்பான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவள் சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்தவன். அந்த மேடத்துக்குப் பதிலாக அவன் நாலு வார்த்தை வைதிருக்கலாம்.

சரி, காப்பாற்றப்பட்டவர்களாவது அவளைக் கொண்டாடினார்களா என்றால், அதுவும் இல்லை. "இந்த வயசுல என்னைய மண்ணு சொமக்க வச்சுட்டியேடி" என்று பொன்னுத்தாயி வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி வைதாள். "செவனேன்னு இருந்தோம்" என்றாள் மஹாலட்சுமி. புரட்டாசியில் ஊர்வேலை நடந்தபோது மஹாலட்சுமி முணுமுணுத்துக்கொண்டே தன் பங்கைச் செய்தாள். விசாலி தன் முறையையும் பொன்னுத்தாயியின் முறையையும் சேர்த்துச் சுமந்தாள். லேப்டாப் தட்டிய கை இரண்டும் கொப்புளம். மண் கூடையைத் தூக்கிவிட ஆள் வந்தது. பேச ஆள் வரவில்லை. மத்தியானம் எல்லோரும் மர நிழலில் கூடிச் சாப்பிட்டபோது, அவள் கொஞ்சம் தள்ளியிருந்த இன்னொரு மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கொட்டித் தீர்த்தன. பல வருஷத்துக்குப் பிறகு கண்மாய் நிறைந்து, ஓரடி உயர்த்திக் கட்டிய கலுங்கு வழிந்தது. சத்தம் கேட்டு ஊரே கரையில் போய் நின்றது. விசாலி தன் வாசலில் நின்றாள். தண்ணீர் உள்வாயில் ஏறி ஏறி வந்து, கீழ்ப்படியைத் தொட்டு, அங்கேயே நின்றது. சிவப்புக் கோடு அதற்கு மேலே காய்ந்து கிடந்தது. பொன்னுத்தாயியின் ஆடுகள் கொட்டகையில் படுத்து அசைபோட்டன. தை கடைசியில், கரைக்கு அந்தப் பக்கம் பாண்டிமுருகனின் வயல் மட்டும் கதிர் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் எட்டாமல் வெளுத்தது. ஆபீசுக்குப் போகும்போது அவள் அந்தப் பக்க ரோட்டைத் தவிர்த்துச் சுற்றிப் போனாள்.

சித்திரை முடிவில் கண்மாய் வற்றியது. மீன் பிடிக்கும் நாள் தண்டோரா போட்டார்கள். காலையிலிருந்து கண்மாய்க்குள் ஒரே இரைச்சல். விசாலி போகவில்லை. போய் நின்று, கூறு இல்லை என்று சொல்லிவிட்டால் எந்த முகத்தோடு திரும்பி வருவது? துணி துவைத்தாள், துவைத்த துணியையே இன்னொரு முறை அலசினாள்.

மத்தியானம் வாசலில் ஆள் அரவம் கேட்டது. பாண்டிமுருகன். இடுப்பு வரை சேறு, கையில் ஒரு வாளி. வாளியைப் படியில், அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஒங்க தலைக்கட்டுக் கூறு, மேடம்."

"உள்ள வா பாண்டி. தண்ணி குடிச்சிட்டுப் போ."

"சேறா இருக்கு" என்றான். வாளியைப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு நடந்தான். அவன் தெருமுனை தாண்டும் வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாளியில் விரால் இரண்டு, கெளுத்தி, கைநிறையக் கெண்டை. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்துக்கு அளந்து போட்ட கூறு. ஊரில் யாருக்கு எவ்வளவோ அவ்வளவு, ஒரு மீன் குறையவில்லை. பாதியைக் கொடுக்கலாம் என்று பொன்னுத்தாயி வீட்டுக்குப் போனாள். அவள் தன் கூறு மீனை உப்புத் தடவிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள், மகனுக்குத் திருப்பூருக்கு அனுப்ப. அவள் கையால் ஊர்க் கண்மாய் மீன் மகனுக்குப் போவது இதுதான் முதல் தடவை. "எங்கிட்டயே இருக்குல்லத்தா, நீ திண்ணு" என்றாள், வசவெல்லாம் மறந்து. மஹாலட்சுமி வீட்டில் பள்ளத்தூரிலிருந்து அவள் அண்ணன் குடும்பமே வந்திறங்கியிருந்தது. உள்ளே பிள்ளைகள் கூச்சல். வாசலில் நின்றவளை யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வந்து, அடுப்படியில் உட்கார்ந்து எல்லா மீனையும் தானே ஆய்ந்தாள். அவளுடைய சின்னச் சட்டி போதவில்லை. பரணில் ஏறி அம்மாவின் பெரிய சட்டியை இறக்கிக் கழுவினாள். குழம்பு கொதித்து வாசனை வந்ததும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. எனக்கும் கூறு வந்துவிட்டது என்று ஒரே ஒரு வரி. போனை எடுத்தாள். ரோகிணிக்கு ஹைதராபாத்தில் மீட்டிங் இருக்கும். கார்த்திகேயனிடம் சொன்னால் கூறு என்றால் என்ன, தலைக்கட்டு என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து விளக்க வேண்டும், விளக்கி முடிக்கும்போது அது ஒரு அறிக்கை ஆகிவிடும். இது என்னவென்று சொல்லாமலே புரிகிறவர்கள் எல்லாம் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்கள்தான் பேசுவதில்லை.

போனைக் கவிழ்த்து வைத்தாள். தட்டில் சோற்றைப் போட்டு, விரால் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்து சிவப்புக் கோட்டுப் படியில் உட்கார்ந்தாள். குழம்பு அம்மா வைத்தது போலவே வந்திருந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டாள், இன்னொரு தடவையும் போட்டுக்கொண்டாள். சட்டியில் பாதி அப்படியே இருந்தது.